ஊற்றாமல் வைத்த தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்டிவிசன் அந்தோனியார் கோயிலைக் கட்டியது நான். ஆற்றிலிருந்து அஸ்திவாரக் கல்லை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது நான். கூரைத் தகரம் போட்டது நான். முதல் வருஷத்துக் காற்று அந்தத் தகரத்தைப் பிடுங்கிக் கீழே தேயிலைக்குள் எறிந்தபோது, தேடி எடுத்து, நெளிவு தட்டி, மேலே மண் மூட்டை ஏற்றி மறுபடி போட்டவனும் நான்தான். "லாரி ஏறாத இடத்துல எவனாவது கோயில் கட்டுவானா?" என்று சிரித்தார்கள். பெரகல சந்தியில் இரும்புக்கடை வைத்திருந்த காசிம் நானாவிடம் போய் நின்றேன். "கோயில் வேலைன்னா என்ன மாணிக்கம் யோசனை, ஏத்திட்டுப் போங்க" என்று சீமெந்து கொடுத்தார். மூட்டையைத் தலையில் சுமக்க ஆள் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தவர்களை அப்படியே சந்திக்கு நடத்திக்கொண்டு போனேன். "பூசை முடிஞ்சிருச்சுன்னு யாரு சொன்னா? மூட்டை வந்து சேர்ந்தாத்தான் முடியும்" என்றேன். வந்து சேர்ந்தது.

கல்லறைக்குப் படி வெட்டினேன். மணி வாங்க வழியில்லாமல் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். இன்றைக்கும் அதன் சத்தம் பூனாகலை வரைக்கும் கேட்கிறது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். ஒரு செபம் தெரியாமல் இருந்த லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஊரே எழுந்து நின்று செபம் சொல்ல வைத்தேன். இத்தனைக்கும் நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியாருக்கு விறகு பொறுக்கினேன்.

நான் பார்க்கும் உபதேசியார் வேலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையில் சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் கோயிலை நடத்துவது உபதேசியார். செபம் சொல்ல, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க, நோயாளியைப் பார்க்க, செத்தவரை அடக்கம் செய்ய, அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்க எல்லாம் அவர்தான். நான் முதலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். கத்தி பிடித்த கையில் செபப்புத்தகத்தைக் கொடுத்தார்கள். பதுளையில் கொஞ்ச நாள் பயிற்சி தந்தார்கள். எழுத்துக்கூட்டி வாசித்து, வாசித்ததை மனப்பாடம் செய்து, மனப்பாடம் செய்ததை நடந்துபோகும்போது தேயிலைச் செடிகளுக்குப் பிரசங்கம் செய்து பழகினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என்னை விடப் படித்தவர்கள். ஆனால் அவர்கள் கையில் போன் இருக்கிறது. போனில் எங்கேயோ இருக்கும் ஒரு போதகர் வந்து, மோட்சம் போகிறவன் யார், நரகம் போகிறவன் யார் என்று உலகம் உண்டாகும் முன்பே கடவுள் முடிவுகட்டிவிட்டார், நீ என்ன செய்தாலும் அது மாறாது என்று பிரசங்கம் வைக்கிறார். அதைக் கேட்டுவிட்டு கொஸ்லந்தப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். "ஐயா, எம் பேரு கடவுள் எடுத்து வச்சதுல இல்லாட்டி நான் செபம் சொல்றதே வீண்தானே?" என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. அவளுக்கும் அவளோடு படிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். புத்தகத்தில் இருப்பதை எழுத எனக்குத் தெரியாது. நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் பங்குச் சாமியாராக நீண்ட காலம் இருந்தவர் ஃபாதர் எமிலியான். யாழ்ப்பாணத்துக்காரர். மோட்டார் சைக்கிளில் வருவார். உயரமான மனிதர், லயத்து அறையான காம்பராவுக்குள் நுழையும்போது நிலையில் தலை இடிக்கும், ஒவ்வொரு முறையும் இடிக்கும், ஒவ்வொரு முறையும் "மன்னிக்க வேணும்" என்று நிலையிடம் சொல்லுவார். எங்களை "காணும்" என்று கூப்பிடுவார். "என்ன காணும் மாணிக்கம், சுகமா?" என்று கேட்டால் ஆரம்பத்தில் எங்கள் ஆட்கள் எதையோ காணவில்லை என்று சாமி தேடுகிறார் போல என்று சுற்றிப் பார்ப்பார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். யாரிடமாவது முக்கியமான கேள்வி கேட்டால், கேட்ட உடனே கண்ணாடியைக் கழற்றி அங்கி நுனியால் துடைக்கத் தொடங்குவார். பதில் வரும்வரை துடைப்பார். பதில் வர எவ்வளவு நேரம் ஆனாலும் துடைப்பார். கலியாணம் செய்யப்போகும் பெண்ணைத் தனியே கூப்பிட்டு, "இந்தக் கலியாணம் உங்கட விருப்பமோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அவர் துடைத்த துடைப்பில், வெளியே நின்ற மாப்பிள்ளை வீட்டார் பயந்தே போனார்கள். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"சாமி, கண்ணாடி பளபளன்னுதானே இருக்கு. எதுக்கு இப்பிடித் தேய்க்கிறீங்க?"

"கண்ணாடி இல்லாட்டி எனக்கு முன்னால இருக்கிற ஆளின்ர முகம் தெரியாது காணும். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவை என்ர முகத்துக்காகப் பதில் சொல்லுவினம். அது எனக்கு வேண்டாம். கடவுளுக்கும் வேண்டாம்."

அன்றைக்கு எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் எனக்குப் பழக்கிய முறை இது. முதலில் காம்பராவில் இருக்கும் ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும்; பெண்டாட்டி பிள்ளைகளாக இருந்தாலும் சரி. நோயாளியின் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். நரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஞானஸ்நானம் பெறாத பெரிய ஆள் என்றால், நம்புகிறாயா, விரும்புகிறாயா என்று கேட்க வேண்டும். ஒருமுறைதான் கேட்க வேண்டும். இல்லை என்றால், அன்றைக்கு இரண்டாம் தரம் வாய் திறக்கக்கூடாது. ஆம் என்றால் தண்ணீர். தலையில் மூன்று தரம், தண்ணீர் ஓட வேண்டும், ஊற்றும்போதே வார்த்தையும் சொல்ல வேண்டும். இதில் நான் புலி. தண்ணீர் ஊற்றும் அழகைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

இப்போது கருப்பையா அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

கருப்பையா அண்ணன் மேல்டிவிசனில் எனக்கு மூத்த தொழிலாளி. பெண்சாதி பல வருஷத்துக்கு முன்பே கத்தோலிக்கத்துக்கு வந்து ரோசம்மா என்று பேர் வைத்துக்கொண்டது. மகள் ஸ்டெல்லாவும் அப்படியே. அண்ணன் மட்டும் வரவில்லை. மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை ரோசம்மாவைக் கோயில்வரை கொண்டுவந்து விட்டு, வெளியே கல்லில் உட்கார்ந்து பூசை முடியும்வரை வெற்றிலை போடுவார். "என்ன குட்டிச்சாமி, இன்னைக்கு ரொம்ப நேரம் கத்துன?" என்று என்னைக் கேலி செய்யாமல் போகமாட்டார். ஃபாதர் பெரிய சாமி, நான் குட்டிச்சாமி. ரோசம்மா செத்தபோது நான் வெட்டிய படியில்தான் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம்.

சில வருஷம் கழித்து அண்ணனுக்கு நெஞ்சில் வியாதி வந்தது. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஸ்டெல்லா அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, அப்பாவை அம்மா பக்கத்துலதான் வைக்கணும். அது கோயில் கல்லறை. ஞானஸ்நானம் வாங்காட்டி வைக்கமாட்டாங்கல்ல?"

நான் போய்ப் பேசினேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைமாட்டுப் பலகையில் மாதா படமும் மாரியம்மன் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே விளக்கு இரண்டுக்கும்.

"ரோசம்மாகிட்டப் போகணும்னுதான் இருக்கு தம்பி. ஆனா இவ," என்று மாரியம்மன் படத்தைக் காட்டினார், "எங்கப்பன் கப்பல் ஏறினப்பவே கூட வந்தவ. இவகிட்ட எப்பிடிச் சொல்லிட்டுப் போறது?"

"நீங்கதாண்ணே முடிவு பண்ணணும்."

"நானா?" அண்ணன் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. "நான் எப்படா முடிவு பண்ணியிருக்கேன்? காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல நின்னா எந்த மலையில வேலைன்னு அவங்க சொல்லுவாங்க. ரோசம்மாவைக் கட்டுன்னு அப்பன் சொன்னான். நாங்க இந்த நாட்டு ஆளா அந்த நாட்டு ஆளான்னு ரெண்டு அரசாங்கமும் பேசி முடிச்சிச்சு. எங்கண்ணன் போனான், நான் நின்னேன். என்னைய யாரு கேட்டா? இப்ப சாகப்போறப்ப வந்து முடிவு பண்ணுங்கிற."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "பூக்கட்டிப் பாரு. மாதாவுக்கு வெள்ளை, மாரியம்மாவுக்குச் சிவப்பு. எது வருதோ அதுதான் தலையெழுத்து. எனக்கும் பாரம் இல்ல."

பூக்கட்டிப் பார்ப்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டுச் சின்னப்பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வது. பெண் பார்க்க, கிணறு வெட்ட, ஊருக்குப் போக எல்லாவற்றுக்கும் கட்டுவோம். அந்தோனியார் முன்னாலும் எங்கள் ஆட்கள் கட்டுவார்கள், நானே கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஸ்டெல்லா வாசலில் பூத்த ரோஜாவில் வெள்ளையும் சிவப்பும் பறித்து வந்தாள். மடித்தோம். அடுத்த காம்பராப் பிள்ளை எடுத்தது. பிரித்தேன்.

வெள்ளை.

ஸ்டெல்லா "மாதாவே!" என்று கத்தினாள். லயமே கூடிவிட்டது. அண்ணன் மாரியம்மன் படத்தைப் பார்த்து, "நீயும் கேட்டுக்கிட்டுதானே இருந்த. எம் மேல கோவப்படாத" என்றார். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடவுளே நேரில் வந்து கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. ஃபாதருக்கு ஆள் அனுப்பினேன்.

ஃபாதர் அந்த வாரமே வந்தார். தலை இடித்தது, நிலையிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லாரையும் வெளியே அனுப்பினார், என்னைத் தவிர. நான் நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஞானஸ்நானம் பெற நீங்கள் விரும்புறீங்களோ?" கண்ணாடியைக் கழற்றினார்.

"பூ வந்திருச்சுல்ல சாமி" என்றார் அண்ணன்.

ஃபாதர் துடைத்தார்.

"வெள்ளைங்க சாமி. எல்லாரும் பார்த்தாங்க."

துடைத்துக்கொண்டேயிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் ஃபாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பூ விரும்பியிருக்கு ஐயா. நீங்கள் இன்னும் விரும்பேல்லை. அவசரப்படாமல் ஆறுதலா யோசியுங்கோ. இன்னொண்டு: உங்கட மனுசிக்குப் பக்கத்தில அடக்கம் செய்யிறதுக்கு ஞானஸ்நானம் வேணுமெண்டு இல்லை. நான் ஆயரிட்ட கேட்டு அனுமதி வாங்கித் தாறன். நீங்கள் எப்பிடி முடிவெடுத்தாலும் அந்த இடம் உங்களுக்குத்தான்."

எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. பாதை வளைவு வரை அவர் பின்னாலேயே போனேன்.

"சாமி, நல்லாச் செஞ்சீங்க! தூண்டில்ல இருந்த புழுவையும் கழட்டி எறிஞ்சிட்டீங்க. இனி அவரு எதுக்கு வருவாரு? மீன் பிடிக்கிறவங்களா இருங்கன்னுதானே ஆண்டவர் சொன்னாரு?"

"சொன்னார். ஆனால் மீனிட்ட ஒருத்தரும் விருப்பம் கேக்கிறேல்லை. மனுசரிட்டக் கேக்க வேணும். புழுவுக்காக வாறவர் புழுவிட்டத்தான் வாறார்."

"கடவுளுக்கு முன்னாடியே தெரியும்ல, இவரு வருவாரா மாட்டாரான்னு? தெரிஞ்சிருந்தா, எழுதினதுதானே? எழுதினது பூவுல வந்தா என்ன, வாயில வந்தா என்ன?"

ஃபாதர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று கீழே காட்டினார். கொஸ்லந்தப் பக்கமிருந்து ஒரு பஸ் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு இங்க நிண்டு பார்க்க அடுத்த வளைவும் தெரியுது, அதுக்கடுத்த வளைவும் தெரியுது. பஸ்ஸில இருக்கிறவைக்குத் தெரியாது. நாங்கள் பார்க்கிறபடியால் பஸ் திரும்பேல்லை காணும். ரைவர் திருப்பிறார், நாங்கள் பார்க்கிறம்."

நான் விடுவேனா? "அது சரிங்க. ஆனா நாம சும்மா வேடிக்கை பார்க்கிறோம். அவரு அப்பிடியா? ரோட்டைப் போட்டவரு அவரு, பஸ்ஸை உண்டாக்கினவரு அவரு, டிரைவருக்கு உசுரு குடுத்து, திருப்புற கைக்குத் தெம்பு குடுக்கிறதும் அவருதானே?"

ஃபாதர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அதுதான் காணும் பெரிய கேள்வி. உலகத்தில பெரிய பெரிய படிச்ச சாமிமார் இரண்டு பக்கமா நிண்டு இதுக்குச் சண்டை பிடிச்சவை. கடைசியில பாப்பரசர், ஆளையாள் திட்டாதேங்கோ எண்டு சொல்லி அனுப்பிவிட்டார். தீர்ப்புச் சொல்லேல்லை. எனக்கும் தெரியாது. இரண்டு விசயத்தை மட்டும் கைவிடாதேயும். நரகத்துக்கெண்டு கடவுள் ஒருத்தரையும் படைக்கேல்லை. அவர் இழுக்காமல் ஒருத்தரும் அவரிட்ட வாறதுமில்லை. இரண்டும் எப்பிடிப் பொருந்துமெண்டு கேக்காதேயும். ஒரு கையில இது, மற்றக் கையில அது. இரண்டையும் இறுக்கிப் பிடியும்."

பாப்பரசரே தீர்ப்புச் சொல்லாத கேள்வியை நாலாம் வகுப்புப் படித்த நான் பெரகல ரோட்டில் நின்று கேட்டிருக்கிறேன். இதைப் பயிற்சிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

அதன்பிறகு வாரங்கள் போயின. அண்ணன் மெலிந்துகொண்டே போனார். நான் போகும்போதெல்லாம் ஊர்க்கதை பேசுவார். அந்த விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒருநாள் காலை, பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போன பிறகு ஸ்டெல்லா ஓடி வந்தாள். நான் போய்ப் பார்த்தபோது அண்ணனுக்குக் கண் சொருகியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஃபாதர் வேறொரு தோட்டத்தில் அடக்கத்துக்குப் போயிருந்தார். அந்த வளைவுக்கு ஏறினால்தான் போன் பிடிக்கும். ஏறிப் பிடித்தும் அவர் எடுக்கவில்லை. லயத்தில் ஒரு சத்தம் இல்லை. ஸ்டெல்லா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"ஊத்துங்க சித்தப்பா."

"அப்பா இன்னும் சம்மதம் சொல்லலையேம்மா."

"பூ சொல்லிச்சுல்ல! நீங்கதானே பிரிச்சீங்க? மூச்சு நிக்கப் போகுது. ஊத்திட்டுச் சாமிகிட்ட அப்புறமாச் சொல்லிக்கலாம். யாரு பார்க்கப் போறா?"

யாரும் பார்க்கப் போவதில்லை. உண்மை. என் கையில் டம்ளர் இருந்தது, வாயில் வார்த்தை இருந்தது, அதிகாரமும் இருந்தது. மூன்று தரம் ஊற்றினால் போதும். ஒரு ஆத்துமாவை நான் இரட்சித்தேன் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கலாம். என் கை எழும்பியதுகூட. எழும்பின கை ஏன் நின்றது என்று இன்றுவரை நான் யோசிக்கிறேன். "என்னைய யாரு கேட்டா?" என்று அந்த மனிதர் சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. கேட்காமலே ஊற்றினால், அவரைக் கேட்காமல் முடிவு பண்ணினவர்கள் வரிசையில் கடைசி ஆளாகக் கடவுளை நான் கொண்டுபோய் நிறுத்தினவன் ஆவேன்.

ஸ்டெல்லாவை வெளியே போகச் சொன்னேன். அவள் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். கட்டிலோரம் கீழே உட்கார்ந்து, காதருகில் போய், தெளிவாகக் கேட்டேன்.

"அண்ணே, மாணிக்கம் வந்திருக்கேன். யேசுசாமியை நம்புறீங்களா? ஞானஸ்நானம் வாங்க விரும்புறீங்களா?"

துடைக்க எனக்குக் கண்ணாடி இல்லை. முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டேன். எதிர்மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். பனி அவர்களை மூடியும் திறந்தும் விளையாடியது. நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு நினைவு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. மெதுவாக, ஆனால் தெளிவாக.

"வேணாம்."

மலை இடிந்து என் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது.

"வேணாம் தம்பி. தாகமா இருக்கு. அதைக் குடு."

ஞானஸ்நானத்துக்கு வைத்த தண்ணீரை அவர் வாயில் வைத்தேன். பாதி குடித்தார், பாதி மார்பில் ஓடியது. துடைத்துவிட்டு வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா என்னைத் திட்டினாள். "சாகப்போற மனுசனுக்கு என்ன தெரியும்? வேணாம்னா விட்டுட்டு வர்றதா? பிள்ளை மருந்து வேணாம்னா விட்டுருவீங்களா?" இரண்டாம் தரம் வாய் திறக்கக்கூடாது என்பது பாடம். அவள் வீட்டுக்குள் போய்ச் செபமாலை எடுத்துக்கொண்டு அழுதாள். நான் படியை விட்டு எழுந்து போகவுமில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தை நின்று வாசியுங்கள். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. நான் மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. எதிரே நிற்கிற அத்தனை மலையையும் உண்டாக்கினவர், பனியை ஏற்றி இறக்குகிறவர், நினைத்தால் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் மாற்றக்கூடியவர், ஒரு லயத்துக் காம்பராவின் வாசலில், வேணாம் என்று சொன்ன ஒரு கிழவனின் வாயைப் பார்த்துக்கொண்டு, கதவைத் தள்ளாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தள்ள முடியாமல் அல்ல. தள்ள மாட்டேன் என்று. அவருடைய பெரிய சக்தி மலையை உண்டாக்கியதில் இல்லை, இந்தக் காத்திருப்பில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. என் மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது. எழுதும்போது இப்போதும் நிற்கிறது.

சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் கூடையோடு திரும்பி வந்தபோது, உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"குட்டிச்சாமி. இன்னும் அங்கதான் இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"உள்ள வா. வேணாம்னேனே, கோவிச்சுக்கிட்டியா?"

"இல்லண்ணே."

"என் ஆயுசுல எத்தனையோ தரம் வேணாம்னு சொல்லியிருக்கேன். ஒருத்தனும் விட்டதில்ல. நீங்க விடுறீங்களான்னு பார்த்தேன். விட்டீங்க. பெரிய சாமி இடத்தையும் குடுத்துட்டு, ஒண்ணும் கேக்காமப் போயிட்டாரு. நீ தண்ணியக் குடிக்கக் குடுத்துட்டு வாசல்ல உக்காந்துட்ட. அப்புறம் இங்க," என்று நெஞ்சில் கை வைத்தார், "ஒண்ணு வந்து உக்காந்துச்சு தம்பி. பெரட்டுல பேரு கூப்பிடுற மாதிரி இல்ல. தள்ளவும் இல்ல. பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி. போன்னா போயிரும் போல. நான் போன்னு சொல்லல."

அவர் மூச்சு வாங்கினார். வாசலில் கூடையும் கையுமாகப் பெண்கள் நின்றார்கள். ஸ்டெல்லா செபமாலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"இப்பக் கேளு" என்றார்.

அவர் கூப்பிட்ட பிறகு கேட்பது இரண்டாம் தரம் ஆகாது. கேட்டேன்.

"நம்புறேன். விரும்புறேன். பூ சொன்னதுக்காக இல்ல, ஸ்டெல்லா அழுததுக்காக இல்ல. இது என் வாய்" என்றார்.

"என்ன பேரு வைக்கட்டும்ணே? அந்தோனியா, சூசையா?"

"கருப்பையாதான். பேராவது என் இஷ்டத்துக்கு இருக்கட்டும்."

புதுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கருப்பையா என்று பேர் சொல்லி, மூன்று தரம் ஊற்றினேன். நான் ஊற்றிய தண்ணீரிலேயே அழகாக ஊற்றிய தண்ணீர் அதுதான். டம்ளரை ஸ்டெல்லா வாங்கி வைத்தாள்.

மறுநாள் ஃபாதர் வந்து எண்ணெய் பூசினார். பேரைக் கேட்டுவிட்டு, "கருப்பையா எண்டு ஒரு புனிதர் இதுவரைக்கும் இல்லை. இனி ஒருத்தர் இருக்கட்டும்" என்றார். அண்ணனுக்கு அதைக் கேட்டுச் சிரிக்கத் தெம்பு இருந்தது. அந்த வாரத்திலேயே அமைதியாகப் போனார். ரோசம்மா பக்கத்தில் வைத்தோம்.

அடக்கம் முடிந்து வரும்போது ஃபாதரிடம் கேட்டேன். "பார்த்தீங்களா சாமி, வெள்ளைதானே வந்துச்சு? பூ சொன்னது சரியாப் போச்சே?"

"இரண்டு பூவைக் கட்டிப் போட்டால் ஒண்டு வந்தே தீரும் காணும். மனுசனிட்ட எதுவும் வந்தே தீராது. வந்ததே, அதுதான் அதிசயம்."

"அப்ப இது யாரு செஞ்ச வேலை? கடவுளா, கருப்பையா அண்ணனா, நானா?"

"நீர் சொல்லும், பார்ப்பம்."

நான் சொன்னேன்: "மழை இல்லாம ஒரு கொழுந்தும் இல்லைங்க சாமி. ஆனா மழை இதுவரைக்கும் ஒரு கொழுந்தையாவது கிள்ளிக் கூடையில போட்டிருக்கா?"

"கிள்ளுற கையையும் ஆர் தந்தது?"

"அவருதான். ஆனா தந்துட்டாருல்ல சாமி? தந்துட்டா அது என் கைதானே?"

ஃபாதர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அது உம்மட கைதான் மாணிக்கம். அதைத்தான் அவர் விரும்பினவர்" என்றார்.

ஃபாதர் எமிலியான் இப்போது இல்லை. சென்ற வருஷம் பதுளையில் உபதேசியார்கள் கூட்டத்தில் ஒரு இளம் சாமியார் அருளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அதில் நான் சொன்ன மழையும் கொழுந்தும் வந்தன. கருப்பையா அண்ணன் வந்தார். "எமிலியான் அடிகளார் காட்டிய வழியில், ஓர் எளிய உபதேசியார் தண்ணீரை ஊற்றாமல் காத்திருந்தார், எல்லாம் இறைவன் செயல்" என்று முடித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். அந்த எளிய உபதேசியார் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது.

எல்லாம் இறைவன் செயல்தான். மறுக்கிறவன் நான் இல்லை. அவர் இழுத்திராவிட்டால் அண்ணன் வந்திருக்கமாட்டார். அவர் பிடித்திராவிட்டால் என் கை நின்றிருக்காது. ஆனால் அவர் என்னை ஒரு டம்ளரைப் போலப் பயன்படுத்தவில்லை. என்னால் ஊற்றியிருக்க முடியும். ஊற்றவில்லை. முடியும் என்பதும் ஊற்றவில்லை என்பதும் சேர்ந்த இடத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு பேர் இருக்க வேண்டும். அந்த ஆளை எடுத்துவிட்டால், போனில் பேசுகிற அந்தப் போதகர் சொல்வதைத்தான் நாமும் சொல்கிறோம்: எல்லாம் முன்பே முடிந்தது, மனிதன் சும்மா என்று. கொஸ்லந்தப் பிள்ளை மறுபடி முகம் வெளுத்துப் போய்விடும்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன். இந்தக் கதையை இனி எந்த வகுப்பிலும் எந்தப் பிரசங்கத்திலும் சொல்லுகிறவர்கள், 'ஓர் எளிய உபதேசியார்' என்று சொல்லக்கூடாது. காத்திருந்தது கடவுள் என்று முதலில் சொல்லுங்கள். விரும்பியது கருப்பையா என்று அடுத்துச் சொல்லுங்கள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஊற்றாமல் இருந்தது மேல்டிவிசன் சூசைமாணிக்கம் என்று, முழுப் பேரோடு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.